பொம்மைக்கு விலை சொன்னோம், காட்சிக்குச் சொன்னோமா?



புரட்டாசியில் நவராத்திரி வருகிறது, மார்கழியில் கிறிஸ்துமஸ் வருகிறது. இந்த இரண்டு பண்டிகைக்கும் கோவில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், சர்ச் என்று ஊர்ப் பொது இடங்களில் கொலுவும் குடிலும் வைக்கிறார்கள். ஆயிரம் பேர் வந்து பார்த்து, "எவ்வளவு நல்லா இருக்கு பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். செய்தது யார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கமிட்டித் தலைவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

நம் கூட்டமைப்பில் மண் வேலை, காகிதக் கூழ் வேலை, ஓலை வேலை தெரிந்த உறுப்பினர்கள் பல குழுக்களில் இருக்கிறார்கள். "பொம்மை மட்டும் வித்தா கட்டுப்படி ஆகல, காட்சியையும் சேர்த்து வச்சுக் கொடுங்கன்னு கேக்குறாங்க. எடுக்கலாமா, எவ்வளவு கேக்குறது?" என்பது இப்போது குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

விளாச்சேரியைப் பார்ப்போம்

மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை ஒட்டி விளாச்சேரி என்ற ஊர் இருக்கிறது. வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்யும் ஊர். பட்டறிவுப் பயணம் போகிற குழுக்கள் இந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆவணிக்கு முன்னால் போனால் தெருவெல்லாம் பிள்ளையார் காய்ந்துகொண்டிருப்பார். புரட்டாசியில் தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை, அஷ்டலட்சுமி என்று கொலு பொம்மைகள். கார்த்திகை பிறந்ததும் அதே திண்ணையில் மாதாவும் சூசையப்பரும் குழந்தை இயேசுவும் வரிசையாக நிற்பார்கள். பிள்ளையாருக்குத் தும்பிக்கை பிடித்த அதே விரல்தான் ஆட்டுக்குட்டிக்குக் காது ஒட்டுகிறது. தொழிலுக்கு மதம் கிடையாது என்று மேடையில் யாராவது பேசினால் கை தட்டுவோம். அங்கே அது மேடைப் பேச்சு இல்லை, அன்றாட வேலை.

விளாச்சேரி மட்டும் இல்லை. கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு ஆகியவையும் பொம்மைக்குப் பேர்போனவை. பாண்டிச்சேரியில் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மையும் வில்லியனூர் சுடுமண் பொம்மையும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கின்றன. எங்கே போனாலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண் மிதிப்பதும் அச்சில் அடிப்பதும் சூளை போடுவதும் ஆண் பெண் இருவரும் செய்கிறார்கள். தேய்ப்பது, வர்ணம் அடிப்பது, பூ வைப்பது, புடவைக் கரை எழுதுவது எல்லாம் நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆர்டர் பேசுவதும் ரூபாய் வாங்குவதும் மட்டும் வேறு கையில் இருக்கிறது. இதைப் பிறகு பார்ப்போம்.

எது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது

காட்சி வைக்கிறவர் அந்தப் பண்டிகையின் முறை தெரிந்தவராக இருக்க வேண்டும். கொலு வைக்கும் மண்டபத்துக்குப் போனால் படி ஒற்றைப்படையில் கேட்பார்கள்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. எந்தப் படியில் எது என்பது இடத்துக்கு இடம் மாறும். மேலே கலசமும் சாமியும், கீழே வர வர மனிதர், விலங்கு, செடி கொடி என்று பொதுவாக வைப்பார்கள். ஆனாலும் அந்தக் கோவில் பெரியவர்களைக் கேட்காமல் வைக்கக் கூடாது. மரப்பாச்சி ஜோடி அவர்களே வைத்திருப்பார்கள், அது மர வேலை, நம் கணக்கில் வராது. வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கி வைக்கும் வழக்கம் உண்டு. இது நமக்கு முக்கியம், ஏனென்றால் ஒருமுறை நல்ல முறையில் செய்து கொடுத்த இடத்தில் அடுத்த வருஷமும் வேலை இருக்கிறது.

விஜயதசமி அன்று ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அதற்கு அடுத்த நாள்தான் கொலுவைப் பிரிப்பது. "ஒன்பது நாள் முடிஞ்சிருச்சு" என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மனஸ்தாபம்தான் வரும்.

குடிலுக்கு வருவோம். 1223-ம் வருஷம் இத்தாலி நாட்டில் கிரெச்சோ என்ற மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை வைத்து இயேசு பிறப்பை ஊர் ஜனங்களுக்குக் காட்டினார். குடில் வைக்கும் வழக்கம் பரவியதற்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 2023-ல் அதற்கு 800 வருஷம் நிறைந்தது. அசிசியார் அதை அரண்மனையில் வைக்கவில்லை, ஊர் ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று வைத்தார்.

குடிலில் குழந்தை இயேசுவை 24-ம் தேதி ராத்திரிப் பூசையில்தான் வைப்பார்கள். அதுவரை தொட்டி காலியாக இருக்கும். ஆகவே குழந்தையைத் தொட்டியோடு சேர்த்து ஒட்டிச் செய்யக் கூடாது, தனியாக எடுத்து வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6-ஐ ஒட்டி வரும். சில பங்குகளில் ராஜாக்களை முதலில் தூரத்தில் வைத்து, அந்த நாள் வர வரக் கிட்டே நகர்த்துவார்கள். அப்படியானால் அந்த மூன்று பொம்மைக்கும் அடி கெட்டியாக இருக்க வேண்டும், பல தடவை கை படும். குடிலைப் பிரிப்பதும் அந்தத் திருநாளுக்குப் பிறகுதான். இந்து குடும்பத்து உறுப்பினர் குடில் வேலை எடுத்தாலும், கிறிஸ்தவ உறுப்பினர் கொலு வேலை எடுத்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம். "எங்களுக்கு இது புதுசு ஃபாதர், எது எங்க வரணும்னு சொல்லுங்க" என்று கேட்கிற பெண்ணுக்குத்தான் அடுத்த வருஷமும் ஆர்டர் வரும்.

வீட்டுக் கொலு வேறு, பொது இடம் வேறு

வீட்டில் கொலுவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். மண்டபத்தில் கயிறு கட்டி எட்டடி, பத்தடி தூரத்தில் நிறுத்திவிடுவார்கள். கையடக்க பொம்மையின் முகம் அங்கிருந்து தெரியாது. ஆகவே பொது இடத்துக்கு உருவம் பெரிதாக வேண்டும், கண்ணும் புருவமும் கொஞ்சம் தடிப்பாக எழுத வேண்டும், பக்கத்துப் பக்கத்து பொம்மைகளுக்கு ஒரே நிறத்தில் உடுப்பு இருக்கக் கூடாது. பளபளக்கும் எனாமல் பெயிண்ட் பகலில் அழகாக இருக்கும், ஃபோகஸ் லைட் போட்டால் கண்ணைக் கூசும், முகமே தெரியாது. பளபளப்பு இல்லாத பெயிண்ட் கேட்டு வாங்குங்கள்.

ஒரு செட் என்றால் எல்லாம் ஒரே அளவுக் கணக்கில் இருக்க வேண்டும். மாதாவைவிட ஆடு பெரிதாக இருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். களிமண் காயும்போது சுருங்கும். ஒரு பொம்மையை வைத்து அச்சு எடுத்து அதில் அடித்தால் புது பொம்மை பழையதைவிடச் சிறிதாகத்தான் வரும். அங்கே ஒன்று இங்கே ஒன்று அச்சு வாங்கி செட் சேர்க்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு மழை. கிறிஸ்துமஸ் குடிலைப் பல சர்ச்சுகளில் வாசலில், திறந்த வெளியில்தான் போடுகிறார்கள். வடகிழக்குப் பருவ மழை டிசம்பர் வரைக்கும் இருக்கும். சுடாத பச்சை பொம்மை ஒரு சாரலில் கரைந்துவிடும். காகிதக் கூழும் ஊறும். வெளியில் வைப்பதாக இருந்தால் சுட்ட பொம்மை மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூரைக்கு அடியில் ஒரு தார்ப்பாய் போட்டு மேலே கீற்று வேய்ந்தால் பார்ப்பவருக்குத் தெரியாது.

வைக்கோலும் சீரியல் லைட்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். கரண்ட் வேலையை நாம் தொடவே வேண்டாம், கமிட்டி எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யட்டும். ஒயர் எந்தப் பக்கமாக வரும் என்று படி கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு, அந்தப் பக்கம் வைக்கோலையும் துணியையும் விலக்கிவிட வேண்டும். கொலுப் படிக்கு அடியில் சுருட்டிப் போட்ட ஒயர்மேல் வேஷ்டி விரிக்கிறார்கள், அது ஆபத்து.

கீழ்ப்படி பிள்ளைகளின் கைக்கு எட்டும் படி. பொம்மைக்கு அடியில் ஒரு உருண்டை ஈரக் களிமண் வைத்து அழுத்தினால் ஆடாமல் நிற்கும். காட்சிக்கு முன்னால் புல்வெளி வேண்டும் என்றால் பிளாஸ்டிக் பாய் வாங்க வேண்டியது இல்லை. தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு, கடுகு, வெந்தயம் ஏதாவது விதைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். பழைய காலத்துக் கொலுவில் வயல் காட்டுவது இப்படித்தான். செலவு சொற்பம், ஜனங்கள் நின்று பார்ப்பதும் அதைத்தான்.

மண்ணுக்கு நாள் குறிப்பது

மண் பொம்மை அவசரத்துக்கு வராது. கண்மாய்க் களிமண்ணை ஊற வைத்துக் கல், வேர் நீக்கி, மணல் சேர்த்து மிதித்துப் பிசைந்து, இரண்டு பாதி அச்சில் அழுத்தி ஒட்டி எடுக்க வேண்டும். முதலில் நிழலில் காய வேண்டும், பிறகுதான் வெயில். எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். உள்ளே ஈரம் இருக்கும்போது சூளையில் வைத்தால் ஆவி வெளியே வர வழி இல்லாமல் பொம்மை உடையும். அதனால்தான் உள்ளே கூடாக விட்டு அடியில் ஒரு ஓட்டை வைக்கிறார்கள். சுட்டு, ஆறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன்மேல் வர்ணம், கடைசியில் கண்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயில் நம் கையில் இல்லை. ஆகவே மார்கழிக் குடிலுக்கான பொம்மையைக்கூட ஆடி, ஆவணியிலேயே சுட்டு எடுத்து வைத்துவிட வேண்டும். மழைக் காலத்தில் உள்ளே உட்கார்ந்து வர்ணம் மட்டும் அடிக்கலாம். காகிதக் கூழ் வேலைக்கும் இதே கதைதான். கூழில் பூச்சி விழாமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கிறார்கள். அது விஷம். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மண் எடுப்பதில் முன்பு பெரிய அலைச்சல் இருந்தது. 2024-ல் தமிழக அரசு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, கண்மாய்களில் கட்டணம் இல்லாமல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் முறையைக் கொண்டுவந்தது. மழை இறங்கிவிட்டால் கண்மாயில் கால் வைக்க முடியாது, கோடையிலேயே மனு கொடுங்கள்.

பிள்ளையார் சிலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரில் கரைக்கும் சிலையை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய வழிகாட்டு நெறியில் சொல்லியிருக்கிறது. 2023-ல் இது சம்பந்தமான வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போய், விற்பனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. கொலுவும் குடிலும் கரைக்கிற பொருள் இல்லை. இருந்தாலும் "சுத்தமான களிமண்" என்று சொல்லி விற்பது நமக்குப் பெருமை, அதற்கு நல்ல விலையும் கேட்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம்

ஒரு குழு ஒரு பொது இடத்துக் காட்சிக்கு விலை சொல்லப் போனபோது நடந்த பேச்சு இது. ஊர் பெயர் வேண்டாம்.

"ஏம்மா, மண்ணு கண்மாயில சும்மா கெடக்கு. வைக்கோலு நம்ம களத்துல இருக்கு. இதுக்கு இருபத்தஞ்சாயிரமா?"

"மண்ணு சும்மாதான் அய்யா. அத மிதிச்ச காலு சும்மா இல்லீங்களே."

அந்த அக்கா சொன்ன பதில் சரி. ஆனால் பதில் மட்டும் போதாது, கையில் கணக்கு இருக்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு ஒரு சர்ச் குடில் வேலையை எடுத்துக்கொள்வோம். தொகையெல்லாம் கணக்குப் பழகுவதற்காக நாங்கள் போட்டது, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

குழந்தை, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒரு வானதூதர், இரண்டு இடையர், மாடு, கழுதை, மூன்று ஆடு: மொத்தம் 14 உருவம். பெரியவை ஒன்றரை அடி உயரம். கூடவே குடிசையும் நாமே போடுகிறோம்.

பொருள் செலவு: மண், மணல் வண்டி வாடகையோடு 1,200 ரூபாய். சூளைக்கு விறகு, வைக்கோல் 1,500. பெயிண்ட், பிரஷ், உப்புத்தாள் 2,200. குடிசைக்கு மூங்கில், கீற்று, கோணி, தார்ப்பாய் 2,600. கட்டி ஏற்றி இறக்கி வண்டிக்கு 1,800. ஆக 9,300 ரூபாய்.

இத்தோடு கணக்கை மூடிவிட்டு "ஒரு ஐயாயிரம் மேல வச்சுக் கேப்போம்" என்பதுதான் வழக்கம். அங்கேதான் நம் பிழைப்பு போகிறது. ஆள் நாளை எண்ணுவோம். மண் பதப்படுத்தி அச்சில் அடிக்க இரண்டு பேர் நான்கு நாள், அதாவது 8 ஆள் நாள். திருத்தி, காய வைத்து, சூளை போட்டு எடுக்க 5. தேய்த்து வர்ணம் அடிக்க இரண்டு பேர் ஐந்து நாள், 10. குடிசை கட்டிக் காட்சி அடுக்க மூன்று பேர் இரண்டு நாள், 6. முன்கூட்டி இடம் பார்த்துப் பேசிவர இரண்டு பேருக்கு அரை நாள், 1. பண்டிகை முடிந்து பிரித்துக் கட்டிவைக்க இன்னொரு 1. மொத்தம் 31 ஆள் நாள்.

ஒரு நாளுக்கு 450 ரூபாய் என்று வைத்தால் கூலி 13,950. பொருளும் கூலியும் சேர்ந்து 23,250. உடைசல், அச்சுத் தேய்மானம், திரும்பச் செய்வது இதற்கெல்லாம் நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 2,325. ஆக மொத்தம் 25,575 ரூபாய்.

கமிட்டி "பதினஞ்சாயிரத்துக்கு முடிச்சுக் கொடுங்க" என்கிறது, நாமும் தலையாட்டிவிடுகிறோம் என்று வையுங்கள். 15,000-ல் பொருள் செலவு 9,300 போனால் மிச்சம் 5,700. அதை 31-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 184 ரூபாய்கூட வரவில்லை. 2025-26-ம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். புல் வெட்டப் போனால் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கையில் மொத்தமாகப் பதினைந்தாயிரம் வாங்கும்போது இது தெரியாது. 31 நாளும் வீட்டு வேலைக்கு நடுவில் சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு விளக்கடியில் உட்கார்ந்து புடவைக் கரை எழுதினோமே, அந்த மூன்று மணி நேரத்தை எந்த நோட்டில் எழுதினோம்?

சரி, கமிட்டியிடம் உண்மையிலேயே பதினைந்தாயிரம்தான் இருக்கிறது. விட்டுவிடுவதா? வேண்டாம். கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "இந்த வருஷம் குழந்தை, மாதா, சூசையப்பர், வானதூதர், மாடு, ரெண்டு ஆடு செஞ்சு தர்றோம். ராஜாக்களும் இடையர்களும் அடுத்த வருஷம். குடிசைய உங்க இளைஞர் மன்றத்துப் பசங்க கட்டட்டும், நாங்க அடுக்கிக் கொடுக்குறோம்" என்று சொல்லலாம். குடில் பொம்மை பத்திரமாக வைத்தால் வருஷக் கணக்கில் நிற்கும், செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. கொலுவுக்கும் இது பொருந்தும், இந்த வருஷம் ஐந்து படி, அடுத்த வருஷம் ஏழு.

"சாமி காரியத்துக்குக் கணக்குப் பாக்குறீங்களே" என்று கேட்கும்போது நம் பெண்கள் வாய் அடைத்துப் போகிறார்கள். பந்தல் போட்டவர் பில் கொடுக்கிறார், மைக் செட்காரர் பில் கொடுக்கிறார், பூக்கடைக்காரர் பில் கொடுக்கிறார். அவர்களிடம் யாரும் புண்ணியம் பேசுவதில்லை. நாம் சாமிக்குக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதை விலையில் குறைக்கக் கூடாது. பில்லில் முழுத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டாயிரமோ மூவாயிரமோ குழுவின் பெயரில் நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விலையில் குறைத்தால் அடுத்த வருஷம் அந்தக் குறைந்த விலைதான் நம் விலை ஆகிவிடும். நன்கொடை அப்படி ஆகாது, போர்டில் குழுவின் பெயரும் வரும்.

யார் பெயரில் ஆர்டர்?

முன்னால் பிறகு பார்ப்போம் என்று விட்டது இதுதான். வீட்டுக்காரர் பேசிக் கொண்டுவந்த ஆர்டரில் வர்ணம் அடித்த மனைவிக்குக் கூலி என்று ஒன்று இருப்பதில்லை. "நம்ம வீட்டு வேலைதானே" என்று போய்விடும். வீட்டில் சண்டை போடச் சொல்லவில்லை. ஆர்டர் குழுவின் பெயரில் வரட்டும், ரூபாய் குழு வங்கிக் கணக்குக்கு வரட்டும், ஆள் நாள் நோட்டில் யார் எத்தனை நாள் என்று எழுதி அந்தந்தப் பெண்ணுக்குக் கூலி போகட்டும். வீட்டு ஆண்கள் மண் மிதித்தால் அவர்கள் நாளையும் எழுதி அவர்களுக்கும் கொடுங்கள். எழுதி வைத்தால் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பது வாக்குவாதம் இல்லாமலே தெரிந்துவிடும்.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு கொடுக்கும் கைவினைஞர் அடையாள அட்டையையும் உங்கள் பெயரிலேயே விண்ணப்பித்து வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் அட்டை இருப்பது உங்களிடம் இருப்பது ஆகாது. கண்காட்சிக்கு இடம் கேட்கும்போது அது உதவும். 1973-ல் தொடங்கிய தமிழக அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், அதாவது பூம்புகார், நவராத்திரி சமயத்தில் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்தி வருகிறது. கடனுக்கு, 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட கைவினைஞர்களுக்கு மானியத்துடன் 3 லட்சம் ரூபாய் வரை கடன் என்று அறிவித்தார்கள். இப்போதைய விதிமுறையை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவின் உள்கடனிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொம்மை வேலைக்கு ஆடியில் பணம் தேவை, வருமானம் புரட்டாசியிலும் மார்கழியிலும்தான் வரும். வாங்கிய அடுத்த மாதமே தவணை கட்டச் சொன்னால் அந்த உறுப்பினர் பெயிண்ட் கடைக்காரரிடமோ பொம்மை வியாபாரியிடமோ முன்பணம் வாங்கிக் கட்டுவார், வியாபாரி சொன்ன விலைக்கே பொம்மையைக் கொடுக்க வேண்டி வரும். ஆகவே இந்தத் தொழிலுக்குக் கொடுக்கும் கடனுக்கு முதல் மூன்று நான்கு மாதம் வட்டி மட்டும், பிறகு அசல் என்று தீர்மானம் போடலாம். குழு சம்மதித்தால் செய்யக் கூடியதுதான்.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள்

முன்பணம் குறைந்தது பொருள் செலவுக்காவது வர வேண்டும். நம் உதாரணத்தில் 10,000 ரூபாய். பொம்மை கொண்டுபோய் இறக்கும்போது இன்னொரு 10,000. மீதியைக் காட்சி திறக்கும் அன்றே வாங்கிவிட வேண்டும். "பிரிக்கும்போது தர்றோம்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பண்டிகை முடிந்த பிறகு உண்டியலும் எண்ணி, பந்தலும் பிரித்து, கமிட்டி ஆட்களும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போது யாரைப் போய்க் கேட்பது?

பொம்மை யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே பேச வேண்டும். விலைக்குக் கொடுத்தால் அவர்களுக்கு, வாடகைக்கு வைத்தால் நமக்கு. வாடகை என்றால் உடைந்ததற்கு யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். எப்படிக் கொடுத்தாலும் அச்சு எப்போதும் குழுவுக்குத்தான் சொந்தம்.

பத்திரம் கித்திரம் எதுவும் வேண்டாம். ஒரு முழுத்தாளில் இந்த மாதிரி எழுதினால் போதும்:

"____ சுய உதவிக் குழு, ____ விழாக் கமிட்டிக்காக ____ தேதிக்குள் இத்தனை உருவங்களும் (பட்டியல், உயரம்) காட்சி அமைப்பும் செய்து தரும். மொத்தத் தொகை ரூ.____. இன்று முன்பணம் ரூ.____. பொம்மை இறக்கும் அன்று ரூ.____. காட்சி திறக்கும் அன்று மீதி ரூ.____. மின்சார வேலை, இரவுக் காவல் கமிட்டி பொறுப்பு. காட்சி திறந்த பிறகு ஏற்படும் உடைசல் கமிட்டி பொறுப்பு. பிரிக்கும் நாள் ____. காட்சியின் பக்கத்தில் 'அமைத்தவர்கள்' என்று குழுவின் பெயர்ப் பலகை வைக்கப்படும்."

கீழே இரண்டு தரப்பும் கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி எழுதி ஒன்றைத் தீர்மான நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய ஒரு வேலை: மண், ஓலை, தையல், ஊறுகாய், எதுவானாலும் கடைசியாக நீங்கள் செய்து விற்ற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஆள் நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைத்தது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதுங்கள். ராத்திரி செய்த வேலையையும் எண்ண வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். பிரதிநிதிகள் அந்தத் தாள்களை வட்டாரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், விலைப் பட்டியலை அங்கே சேர்ந்து உட்கார்ந்து போடுவோம்.